பழைய சிப்புக்குப் புதிய எண்: கிராபிக்ஸ் கார்டு வாங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மர்ஃபி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரத்துக் குடும்பங்கள், அப்புறம் ஐ.டி. வேலைக்கு வந்து ஒயிட்ஃபீல்டில் தங்கியிருக்கும் பிள்ளைகள். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கிராபிக்ஸ் கார்டு (திரையில் படத்தை வரைந்து காட்டும் பலகை) வாங்கும் முன்போ, வாங்கி ஏமாந்த பிறகோ அவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய இந்தக் கேள்விகளைத்தான்.

கிராபிக்ஸ் கார்டில் "ரீபிராண்ட்" என்று எதைச் சொல்கிறார்கள்?

முன்பே சந்தையில் இருந்த ஒரு சிப்பை (கார்டின் மூளை அதுதான்) அப்படியேவோ, கொஞ்சம் வேகம் கூட்டியோ, அடுத்த தலைமுறையின் எண்ணைப் போட்டுப் புதுப் பெட்டியில் விற்பது. புது மொந்தையில் பழைய கள் என்பார்களே, அதுதான்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் உதாரணம் என்விடியா கம்பெனியின் ஜி92 சிப். 2007 டிசம்பரில் 128 கோர்களோடு (கணக்குப் போடும் சிறு பகுதிகள்) 8800 ஜிடிஎஸ் 512 என்று வந்தது. 2008 ஏப்ரலில் அதே சிப் சற்றுக் கூடுதல் வேகத்தோடு 9800 ஜிடிஎக்ஸ் ஆனது. அதே ஆண்டு ஜூலையில் சிப்பின் தயாரிப்பு அளவை 65 நானோமீட்டரிலிருந்து 55க்குச் சுருக்கி 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ் என்றார்கள். 2009 மார்ச்சில் அதுவே ஜிடிஎஸ் 250. கோர்கள் கடைசி வரை அதே 128. பதினைந்து மாதத்துக்குள் ஒரே சிப் மூன்று தலைமுறைகளின் எண்களைச் சுமந்துவிட்டது. இதன் தம்பியான 8800 ஜிடியும் 2008இல் 9800 ஜிடி ஆனது. 8800 ஜிடி வைத்திருந்த ஒருவர், புதுசு வந்துவிட்டதென்று பழையதை வந்த விலைக்கு விற்றுவிட்டு 9800 ஜிடி வாங்கியிருந்தால், தன் கார்டையே இரண்டாவது முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்.

போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் இதைச் செய்திருக்கிறது. ரேடியான் எச்டி 5770 கார்டு 2011இல் எச்டி 6770 ஆனது. எந்தக் கம்பெனியின் ரசிகராக இருந்தாலும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பழைய சிப்பைத் திரும்ப விற்பதே தவறா?

தவறில்லை. ஒரு சிப்பை வடிவமைக்கப் பல வருடங்களும் பெரும் பணமும் ஆகும். தயாரிப்பு கைவந்த பிறகு செலவு குறைகிறது, டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருந்த கோளாறுகள் சரியாகின்றன. அந்தச் சிப்பைக் குறைந்த விலைக்குத் தொடர்ந்து தருவது எல்லோருக்கும் லாபம். ஏஎம்டியின் எச்டி 7970 கார்டு 2012 ஜனவரியில் 549 டாலருக்கு வந்தது. அதன் வேகம் கூட்டிய வடிவம்தான் 2013 அக்டோபரில் ஆர்9 280எக்ஸ் என்ற பெயரில் 299 டாலருக்கு வந்தது. அந்த விலைக்கு வாங்கியவர் கையில் நல்ல கார்டு இருந்தது. நானே சிலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன், இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

சிக்பேட்டை ஜவுளிக் கடைகளில் போன வருட டிசைனை விலை குறைத்துத் தருவார்கள். "இது பழைய ஸ்டாக்மா, அதனால்தான் இந்த விலை" என்று வாயால் சொல்லித் தருவார்கள். வாங்குபவரும் தெரிந்தே வாங்குகிறார். அந்த ஒரு வாக்கியம்தான் கிராபிக்ஸ் கார்டுப் பெட்டியில் இல்லை.

அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

அந்த எண்ணில். பெட்டியின் மேல் உள்ள எண்ணை நமக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே கம்பெனிகள்தான். முதல் இலக்கம் தலைமுறை, அடுத்தது தரம். 300 வரிசை 200ஐ விடப் புதியது, 70 என்பது 60ஐ விட மேல். வருடக்கணக்கில் விளம்பரம் செய்து இந்த மொழியை மக்கள் மனதில் பதித்தார்கள். பிறகு அதே மொழியில் உண்மை இல்லாததைச் சொல்கிறார்கள். என் மனதை உறுத்துவது இதுதான்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நஷ்டம் எப்படி வருகிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும். 2012 மார்ச்சில் ரேடியான் எச்டி 7850 வந்தது. அதே சிப் 2014இல் ஆர்7 265 ஆகி, 2015 ஜூனில் ஆர்7 370 ஆனது. மூன்றிலும் 1024 கோர்கள். திரையின் வேகத்தைக் கார்டோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க் என்ற வசதியை ஏஎம்டி அந்தச் சமயத்தில் பெரிதாக விளம்பரப்படுத்தியது. விளையாட்டுகளில் அந்த வசதி 370இல் வேலை செய்யாது, ஏனென்றால் உள்ளே இருப்பது அது வருவதற்கு முந்தைய சிப். ஆனால் அதே வரிசையில் விலை குறைந்த ஆர்7 360இல் வேலை செய்யும், அதில் இருந்தது பிந்தைய சிப். கூடுதல் காசு கொடுத்து 370 வாங்கியவர் ஃப்ரீசிங்க் மானிட்டரும் வாங்கிக்கொண்டு வந்து மாட்டினால் ஒன்றும் நடக்காது. எண்ணை நம்பியதுதான் அவர் செய்த பிழை.

அடுத்தது ஆயுள். 2021 ஜூனில் ஏஎம்டி இந்தக் கார்டுகளுக்குப் புதிய டிரைவர் கொடுப்பதை நிறுத்தியது. 2012இல் 7850 வாங்கியவருக்கு ஒன்பது வருடம் கிடைத்தது. 2015இல் 370 வாங்கியவருக்கு ஆறு. சிப்பின் ஆயுள் முடிந்தவுடன் எல்லாப் பெயருக்கும் ஒரே நாளில் கதவு சாத்தப்படுகிறது. ஐ.டி. சம்பளக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை, இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவார். ஒரு கார்டை எட்டு வருடம் ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்கும் குடும்பத்துக்கு அந்த மூன்று வருடம் மிகப் பெரியது. என்னிடம் வருபவர்கள் அந்தக் குடும்பங்கள்தான்.

"எல்லா விவரமும் வெப்சைட்டில் இருக்கிறது, படிக்காதது வாங்கியவர் தப்பு" என்கிறார்களே?

இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கோர் எண்ணிக்கையும் மெமரி வேகமும் வெப்சைட்டில் இருக்கும், உண்மைதான். ஆனால் "இந்தச் சிப் 2012இல் வந்தது" என்ற வரி தயாரிப்புப் பக்கத்தில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளச் சிப்பின் உள்பெயர் (ஜி92 போல) தெரிய வேண்டும், அந்தப் பெயர் முன்பு எந்தக் கார்டில் இருந்தது என்று தேட வேண்டும். பால் பாக்கெட் வாங்கும்போது தேதியைப் பாக்கெட்டிலேயே பார்க்கிறோம். யாரும் பண்ணைக்குப் போய் விசாரிப்பதில்லை. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் கேட்டிருந்தால் முடிவை மாற்றியிருக்கக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், அது மறைத்ததுதான்.

பெட்டியில் மாதமும் வருடமும் அச்சடித்திருக்கிறார்களே?

அது அந்தக் கார்டு தயாரான மாதம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதைப் போட்டாக வேண்டும். உள்ளே இருக்கும் சிப் எப்போது பிறந்தது என்பது அதில் வராது.

ஒரே பெயரில் இரண்டு விதமான கார்டு விற்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. என் பார்வையில் இது ரீபிராண்டை விட மோசம். ரீபிராண்டில் பழைய பொருளுக்குப் புதுப் பெயர் வருகிறது. இதில் நல்ல பொருளின் பெயரைத் தரம் குறைந்த பொருளுக்கு வைக்கிறார்கள். நல்லதை வாங்கியவர்கள் எழுதிய பாராட்டுகளைப் படித்துவிட்டு நீங்கள் மற்றதை வாங்கி வருவீர்கள்.

எஸ்.பி. ரோட்டில் அதிகம் புழங்கியது ஜிடி 730. 2014இல் வந்தது. ஒரு வகையில் கெப்ளர் என்ற தலைமுறையின் சிப், 384 கோர்கள். இன்னொரு வகையில் அதற்கு முந்தைய ஃபெர்மி சிப், 96 கோர்கள். பெட்டியில் இரண்டுக்கும் ஜிடி 730 என்றே இருக்கும். ஃபெர்மிக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் 2018 ஏப்ரலோடு நின்றது, கெப்ளருக்கு 2021இல் நின்றது. ஆக, ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெயரை வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு மூன்று வருடம் குறைவு.

ஜிடி 1030 இன்னொன்று. 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தபோது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தியது. 2018இல் டிடிஆர்4 மெமரி போட்ட வகை வந்தது. அதில் 16.8 ஜிபி, அதாவது முன்பு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெயர் மாறவில்லை. ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வந்தன. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆனால் ஒன்றில் 1280 கோர்கள், மற்றதில் 1152. ஏஎம்டி 2018இல் சீனாவுக்காகக் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற கார்டு உண்மையில் ஆர்எக்ஸ் 570க்குச் சமம். அசல் 580இல் 2304 கோர்கள். அந்த 2048எஸ்பி இங்கும் வந்து சேர்ந்திருக்கிறது. விற்பவர் வாயில் அது வெறும் "580"தான்.

லேப்டாப்பிலும் இதே நிலைதானா?

ஆமாம். எம்எக்ஸ்150 (2017), எம்எக்ஸ்250 (2019), எம்எக்ஸ்330 (2020) மூன்றிலும் ஒரே ஜிபி108 சிப். லேப்டாப்பில் கார்டை மாற்றவும் முடியாது என்பதால் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நாம் சத்தம் போட்டால் கம்பெனிகள் கேட்குமா?

ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜிபி வகையில் 9728 கோர்கள், விலை 1,199 டாலர். 12 ஜிபி வகையில் 7680 கோர்கள்தான், சிப்பே வேறு, விலை 899 டாலர். உலகம் முழுக்க எதிர்ப்பு வந்தது. அக்டோபர் 14 அன்று, 12 ஜிபி கார்டு நல்ல கார்டுதான், பெயர்தான் சரியில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றது. 2023 ஜனவரியில் அதே கார்டு ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. பெயரைத் திருத்தியதும் விலை 100 டாலர் குறைந்தது. பெயருக்கு மட்டும் எவ்வளவு வாங்கப் பார்த்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

எஸ்.பி. ரோட்டில் மலிவாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிடைக்கிறது, வாங்கலாமா?

இது ரீபிராண்ட் இல்லை, போலி. கம்பெனிக்கே தெரியாமல் நடப்பது. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற 2010, 2011 காலத்துக் கார்டுகளின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி எழுதி, விண்டோஸில் "1050 டிஐ, 4 ஜிபி" என்று காட்ட வைக்கிறார்கள். அசல் 1050 டிஐயில் 768 கோர்கள். இவற்றில் 192.

2021இல் கார்டுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்த நேரம். மர்ஃபி டவுனில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், அனிமேஷன் படிப்பில் சேர்ந்த மகனுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து 9,000 ரூபாய்க்கு இப்படி ஒரு கார்டு வாங்கிவிட்டார். டிரைவர் ஏற்றியதும் திரை கறுப்பாகிறது என்று பையன் தூக்கிக்கொண்டு வந்தான். பின்பக்கம் பழைய மானிட்டர்களுக்கான விஜிஏ சொருகி இருந்ததைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. 1050 டிஐயின் சிப்பில் விஜிஏவுக்கான அனலாக் வெளியீடே கிடையாது. மூவரும் மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், சிக்பேட்டையில் இறங்கிக் கடைக்குப் போனோம். பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் பேசி 6,000 ரூபாய் திரும்ப வாங்கினோம். கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட கடைக்காரர் அதைத் துடைத்து என் கண் முன்னாலேயே அலமாரியில் வைத்தார். அக்காவின் பணம் போனதை விட அது எனக்கு அதிகம் வலித்தது. அடுத்து அதை வாங்கப் போகும் வீட்டை நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். 2018இல் வந்த அதன் 2.12 பதிப்பிலிருந்து, என்விடியா பெயரில் வரும் போலிக் கார்டு என்றால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். சிப்பின் உள்பெயரும் அதில் தெரியும். 1050 டிஐ என்றால் ஜிபி107 என்று இருக்க வேண்டும், ஜிஎஃப் என்று தொடங்கினால் அது ஃபெர்மி. ரீபிராண்டையும் இதே இடத்தில் பிடித்துவிடலாம், அந்த உள்பெயரைப் போனில் தேடினால் முதலில் எந்த வருடம் வந்தது என்று கிடைக்கும். மாட்டிக் காட்ட மறுக்கும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். எஸ்.பி. ரோட்டில் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.

மைனிங்கில் ஓடிய கார்டைப் புதுசு என்று விற்றால்?

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டது. அதன் பிறகு மைனிங் கார்டுகள் சந்தையில் கொட்டின. ஃபேன் மாற்றி, கழுவி, புதுப் பெட்டியில் போட்டு வருகின்றன. நன்றாகப் பராமரித்த மைனிங் கார்டு மோசம் என்று சொல்ல மாட்டேன், பலவற்றைச் சரி செய்து கொடுத்திருக்கிறேன், இன்னும் ஓடுகின்றன. ஆனால் இரவு பகலாக ஓடிய கார்டு என்று சொல்லி, அதற்குத் தகுந்த விலைக்கு விற்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், நியாயமற்ற வணிக நடைமுறை எது என்று விளக்கும் இடத்தில் ஒரு வரி இருக்கிறது: பழைய, பயன்படுத்திய, புதுப்பித்த பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதும் அதில் சேரும். பயாஸ் மாற்றிய போலியும், கழுவிய மைனிங் கார்டும் இதில் நேராக விழும். கம்பெனி செய்யும் ரீபிராண்ட் அவ்வளவு எளிதாக விழாது. கார்டு உண்மையில் புதிதாகச் செய்யப்பட்டது, வடிவமைப்புதான் பழசு. தவறான விளம்பரம் என்ற பிரிவில் வாதாடலாம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் நான் வக்கீல் இல்லை.

பில் இருந்தால் வழி உண்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். ஓசூரிலிருந்து வந்து இங்கே வாங்கிப் போனவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். கூடட்டும். அந்தக் காகிதம் இல்லாததால்தான் அக்காவின் 3,000 ரூபாய் போனது.

கடைக்காரரைக் குறை சொல்லலாமா? அவரும் வாங்கித்தானே விற்கிறார்?

போலி விற்பவரைத் தாராளமாகச் சொல்லலாம். ரீபிராண்டில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. கல்லாவில் நிற்கும் பையன் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். பெட்டியில் இருப்பதைத்தான் அவனும் படிக்கிறான். அவனுக்கே உண்மை தெரியாதபடி பெயர் வைத்த பொறுப்பு மேலே இருப்பவர்களுடையது. ஆனால் ஒரு முறை தெரிந்த பிறகும் "இது லேட்டஸ்ட் மாடல் அண்ணா" என்று சொன்னால், அந்தப் பொய் அவனுடையதும்தான்.

நான் என் பழைய கார்டை விற்கிறேன். எவ்வளவு சொல்ல வேண்டும்?

வாங்கிய வருடம், சிப்பின் உள்பெயர், அந்தச் சிப் முதலில் வந்த வருடம், டிரைவர் இன்னும் வருகிறதா, மைனிங்கில் ஓடியதா, திறந்து பழுது பார்த்ததா. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கார்டோடு கொடுங்கள். என்னிடம் விற்கக் கொண்டுவரும் கார்டுகளுக்கு நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். விலை ஐந்நூறு, ஆயிரம் குறைகிறது, சிலர் தாளைப் படித்துவிட்டு வாங்காமலும் போகிறார்கள். வாங்கிப் போனவர்களில் இதுவரை ஒருவர்கூடக் கார்டைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.